மாங்காய்க் கீற்று

யாருக்கும் தெரியாமல் தின்ற ஊசிப்போன மீன்குழம்பால் தவமணி மூன்று நாள் வாந்தி எடுத்தாள். வாந்தி நின்ற பிறகும் தொண்டை எரிந்தது. மூக்குக்குப் பின்னால் ஒரு சோற்றுப்பருக்கை ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மறுத்தது. காறினாள், சிந்தினாள், வரவில்லை. கல்யாணமாகி ஏழு வருடத்தில் முதல்முறையாக மாமியார் அவளைக் கட்டிலில் உட்காரவைத்து, மிளகாய்ப்பொடி தடவிய மாங்காய்க் கீற்றை நீட்டினாள்.

“மூணு நாளா குமட்டல். பேரன்தான், கோமு” என்றாள் பக்கத்து வீட்டுக்காரியிடம்.

“மூக்கு ஏன்க்கா ஒழுகுது?”

“ஆனந்தக் கண்ணீரு வழி தவறிடுச்சு. போடி.”

கடித்ததும் தவமணிக்குத் தொண்டை பற்றிக்கொண்டது.

“எரியுதாம்மா?” மாமியார் அதுவரை அவளை அம்மா என்று கூப்பிட்டதே இல்லை.

“இல்ல அத்தே.”

அப்போது தும்மல் வந்தது. உள்ளங்கையில் பருக்கை விழுந்தது. அந்தக் கையை இறுக மூடிக்கொண்டு, மறு கையை அடுத்த கீற்றுக்கு நீட்டினாள்.