கையெழுத்து பொருந்தவில்லை

திரையில் மூன்றாவது முறையும் ‘பொருந்தவில்லை’ என்று சிவப்பு எழுத்து விழுந்ததும் லாக்கர் அதிகாரியின் நெஞ்சு குளிர்ந்தது. எதிரே நிற்பவன் திருடன் என்று, அவன் வங்கிப் படியேறும்போதே அவர் முடிவு கட்டியிருந்தார். இப்போது இயந்திரமும் ஆமாம் போட்டுவிட்டது.

“உன் கையெழுத்து உனக்கே மறந்துபோச்சாய்யா?”

கசாப்புக் கடைக்காரர் கையிலிருந்த பேனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “மறக்கல சார். கை முன்னாடி போகுது, கோடு பின்னாடி நொண்டிக்கிட்டு வருது. பேனாவுலதான் ஏதோ கோளாறு.”

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.”

அதிகாரிக்கு வங்கியில் ‘பூதக்கண்ணாடி’ என்று பட்டப்பெயர். அதைப் பாராட்டு என்றே அவர் நம்பிக்கொண்டிருந்தார். ஆளின் செருப்பைப் பார்த்தே அவனுடைய யோக்கியதையைச் சொல்லிவிடுவாராம். போன மாதம்தான் இந்தக் கிளைக்கு மாற்றலாகி வந்திருந்தார். இந்த வாரம்தான் கையெழுத்து டேப்லெட்டும் வந்திருந்தது. அதன் திரையில் பேனாவால் போடும் கையெழுத்து பழைய கையெழுத்தோடு பொருந்தினால்தான் லாக்கர் அறைக் கதவு திறக்கும்.

“அடையாள அட்டை குடுத்திருக்கேனே சார்.”

“அட்டையை எவன் வேணும்னாலும் அச்சடிப்பான். கையெழுத்தை முடியுமா?”

“என் லாக்கர்ல என் வீட்டுப் பத்திரம் இருக்கு சார். சாயங்காலத்துக்குள்ள கோர்ட்டுல குடுக்கணும். தம்பிக்கு ஜாமீன். இன்னிக்கு விட்டா அவன் உள்ளேயேதான் கிடக்கணும்.”

“ஓஹோ, குடும்பத் தொழிலா?”

கடைக்காரரின் முகம் சிவந்தது. “ஆட்டை வெட்டுறவன் ஆளை ஏமாத்துவான்னு இருக்கா சார்?”

“காலையில ஒருத்தர் வந்தாரு. மனுஷன்னா அவர் மனுஷன்!” என்றார் அதிகாரி.

மடிப்புக் கலையாத சட்டை, அதிராத பேச்சு. அவரிடம் போய் அடையாள அட்டை கேட்க அதிகாரிக்கு நாக்கு எழவில்லை. வந்தவர் நாற்காலியில் வசதியாகச் சாய்ந்து, பேனாவைப் பதமாகப் பிடித்து, அவசரமே இல்லாமல் முத்து முத்தாகக் கையெழுத்திட்டார். முதல் தடவையே பச்சை எழுத்து வந்தது.

“மடியில கனமில்லாதவனுக்கு வழியில ஏது பயம்? உனக்குக் கை உதறுது, கோடு உடையுது. மிச்சத்தைப் போலீஸ்ல சொல்லிக்கோ” என்று போனை எடுத்தார்.

வந்த போலீஸ்காரர் நிதானமான ஆள். “முதல்ல அந்த லாக்கரை முடக்கிடுங்க சார். அப்புறம் புகாரை எழுதிக்கலாம்.”

முடக்குவதற்கு அதிகாரியின் கையெழுத்து வேண்டும், அதே டேப்லெட்டில். இப்படித்தான் போடவேண்டும் என்று கடைக்காரருக்குப் பாடம் நடத்துவதுபோல் பேனாவை வாங்கி, ஒரே வீச்சில் சுழற்றினார். கை நின்று வெகுநேரம் கழித்துக் கோடு வந்து சேர்ந்தது, அதுவும் துண்டு துண்டாக.

பொருந்தவில்லை.

தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி போட்டார். பொருந்தவில்லை.

போலீஸ்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “சார், நீங்க நீங்கதானே?”

டேப்லெட் கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தார் அதிகாரி. “என்னம்மா இது, குப்பையைக் கொண்டுவந்து எங்க தலையில கட்டியிருக்கீங்க?”

மறுமுனையில் இருந்த பெண்ணுக்கு இதெல்லாம் பழக்கம். “திரைமேல ஒட்டின தாள் இருந்தா உரிச்சிடுங்க சார்.” உரித்தார். கோடு நொண்டியது. “பேனா முனையைக் கழற்றி மாட்டுங்க.” மாட்டினார். நொண்டியது. “பின்னால ஓடற ஆப்பையெல்லாம் மூடுங்க.” மூடினார். அப்போதும் நொண்டியது.

“பேட்டரி சேமிப்பு போட்டிருக்கா, பாருங்க சார். அது இருந்தா எல்லாமே மந்தமாயிடும்.”

போட்டிருந்தது. நேற்று மாலை, மின்சாரத்தில் சிக்கனம் பண்ணுவதாக நினைத்து, அதைப் போட்டுவிட்டுப் போனவர் அவரேதான்.

“நேத்து சாயங்காலம் எவனோ போட்டு வச்சிருக்கான். இங்க வேலை பாக்குற ஆளுங்க லட்சணம் அப்படி” என்றபடி அதை அணைத்தார். கோடு இப்போது பேனா முனையோடு ஒட்டிக்கொண்டு ஓடியது.

கடைக்காரர் எலும்பை வெட்டுகிற வேகத்தில் ஒரு கிறுக்கு கிறுக்கினார். பச்சை. உள்ளே போய்ப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு வந்தார். “உங்களுக்கு ஒரு மன்னிப்புக்கூட வராதுன்னு தெரியும் சார். கோர்ட்டுக்கு நேரமாச்சு” என்று படியிறங்கிப் போய்விட்டார்.

போனில் அந்தப் பெண் இன்னும் இருந்தாள். “நேத்து சாயங்காலத்துலேர்ந்து இப்படின்னா, இன்னிக்கு யார் கையெழுத்துமே பொருந்தியிருக்காதே சார்?”

“ஏன் பொருந்தல? காலையில ஒருத்தருக்கு முதல் தடவையே பொருந்துச்சே!” என்றார் பெருமையாக.

“வழக்கமான வேகத்துல போட்டா கண்டிப்பா உடைஞ்சிருக்கும் சார். ஒவ்வொரு எழுத்தையும் படம் மாதிரி மெதுவா வரைஞ்சாத்தான் பொருந்தும்.”

வாசல்வரை போயிருந்த போலீஸ்காரர் திரும்பி வந்தார். “சொந்தக் கையெழுத்தை யாரு சார் வரைவாங்க? அந்த ஆளு எப்படிப் போனான்?”

அந்தப் பெரிய மனிதர் லாக்கர் அறையிலிருந்து நிரப்பிக்கொண்டு வந்த இரண்டு பைகளையும் தானே சுமந்துபோய்க் காரில் ஏற்றி, கதவையும் சாத்திவிட்டு, கைகூப்பி வழியனுப்பி வைத்தவர் பூதக்கண்ணாடிதான்.