ஒரு சொல்லும் குறையாது

"மாஸ்ரர், ஒரு சொல்லையாவது குறையுங்கோ. உங்கட காலில விழுறன்."

விழுந்தே விட்டான் சங்கச் செயலாளர் வின்சன்ட்.

"குறைக்க மாட்டன்," என்றார் அமிர்தநாயகம் மாஸ்ரர்.

வங்காலை மீனவர் சங்கக் கூட்டம். காலை எட்டு மணிக்குப் பிறகுதான் கடலில் இறங்கலாம் என்று கடற்படை முகாமில் உத்தரவு போட்டு மூன்று மாதம். எட்டு மணிக்குப் போனால் வலையில் பாசிதான் மிஞ்சும். பாதி வீடுகளில் ஒரு நேரம்தான் அடுப்பெரிந்தது.

வின்சன்ட் கேட்கச் சொன்னது சின்ன விசயம்: விடிய ஐந்து மணிக்கு விட்டால் போதும்.

முகாமுக்குக் கொடுக்கும் மனுவாக மாஸ்ரர் எழுதி வந்த மகஜரோ இப்படித் தொடங்கியது: 'கடல் ஆண்டவர் படைத்தது. நேரமும் வேண்டாம், பாஸும் வேண்டாம், எல்லையும் வேண்டாம்.'

"முகாமில இருக்கிறது ஆண்டவர் இல்லை, மாஸ்ரர்."

"அதுக்காகக் கொள்கையை விக்கேலுமே?"

"உங்களுக்குப் பென்சன் வருது, கொள்கை பேசலாம். எனக்கு அஞ்சு பிள்ளையள்," என்றார் வள்ளக்காரர் லோறன்ஸ்.

ஆளாளுக்குக் கத்தினார்கள். கடைசியில் சங்கத்தின் பேரில் வின்சன்ட் வேறொரு மகஜர் கொண்டுபோவதென்று முடிவானது.

மறுநாள் இருவரும் முகாமுக்குப் போனார்கள், ஆளுக்கொரு பக்கமாக.

மாஸ்ரரின் மகஜரை மொழிபெயர்ப்பாளர் வாசிக்க வாசிக்க அதிகாரியின் முகம் சிவந்தது. கதிரையை விட்டே எழும்பிவிட்டார். அடுத்து வின்சன்டின் மகஜர். அதிகாரி பெருமூச்சு விட்டு உட்கார்ந்தார்.

"இதுதான் புத்தியுள்ள மனுசன் எழுதினது," என்று கையெழுத்துப் போட்டார்.

அடுத்த நாள் ஐந்து மணிக்கு வள்ளங்கள் இறங்கின. ஊர் வின்சன்டைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. மாஸ்ரரோடு கதைப்பதை நிறுத்திக்கொண்டது.

ஞாயிறு பின்னேரம் வின்சன்ட் ஒரு பாரை மீனைச் சாக்கில் சுற்றிக்கொண்டு மாஸ்ரர் வீட்டுப் பின்பக்கத்தால் போனான். அவனுக்குக் கண் கலங்கியிருந்தது.

"ஊர் உங்களைத் திட்டுறதைக் கேக்கேலாமக் கிடக்கு. ரெண்டு மகஜரும் எழுதினது நீங்கள்தான் எண்டு சொல்லப்போறன்."

"வாயை மூடு. கரையில உன்ர மனிசி கிறேஸ் முதல் சொல்லுற விலைக்கு ஆராவது மீன் வாங்கினதோ? அவவைப் பார்த்துத்தான் நான் இதைப் படிச்சன்."

மாஸ்ரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தாள்களை எடுத்தார்.

"அடுத்தது மண்ணெண்ணெய். நான் பீப்பா பீப்பாயாக் கேக்கிறன். நீ வள்ளத்துக்கு அஞ்சு லீற்றர் கேள். ஆனா கூட்டத்தில போன முறை மாதிரிக் காலில விழாதை, எனக்குச் சிரிப்பு வரப் பாத்தது."