கலையரசி வாங்கிக் கொடுத்த வேலை

போடியில் சின்னக் காண்ட்ராக்டர்களுக்கு டெண்டர் போட்டுக் கொடுப்பது கலையரசியின் தொழில். எத்தனையோ டெண்டரில் தோற்ற பிச்சைமணிக்கு, ரோடு அகலப்படுத்தும் அரசாங்க வேலையில் வீடுகளை இடிக்கும் சப்-காண்ட்ராக்டை அவள்தான் அலைந்து வாங்கிக் கொடுத்தாள்.

"ஒன்னாலதான் ஆத்தா என் ஜேசிபி ஓடப்போகுது."

"வேலையப் பதனமாச் செய்யுங்கண்ணே, போதும்."

திங்கட்கிழமை காலையில் ராசிங்காபுரம் ரோட்டில், குறி போட்டிருந்த முதல் வீட்டின் முன்னால் பிச்சைமணி ஜேசிபியை நிறுத்தினார். கதவைத் திறந்து வெளியே வந்தவள் கலையரசி.

அவர் பதறி இறங்கினார். "ஒன் வீடா? தெரிஞ்சேவா ஆத்தா எனக்கு வாங்கிக் குடுத்தே?"

"எப்படியும் இடிக்கத்தான் போறாங்கண்ணே. வேற ஆளுன்னா எல்லாத்தையும் நொறுக்கிட்டுப் போயிருவான். நீங்கன்னா, செத்துப்போன எங்க வீட்டுக்காரர் தன் கையால செஞ்சு வச்ச வாசக்கால முழுசாக் கழட்டித் தருவீங்க."

பிச்சைமணி எஞ்சினை அணைத்துவிட்டுக் கடப்பாரையை எடுத்தார்.