ரூபாய் இறங்கினால்

இந்திய ரூபாயின் விலை ஏன் ஏறி இறங்குகிறது என்று பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்துகொண்டிருந்த கார்த்திகேசு, மலேசியாவின் ஈப்போவில் ஜைனுலாப்தீனின் நாணய மாற்றுக் கடையில்தான் இருளாயியைப் பார்த்தான். பீடோர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டுபவள். சம்பளம் போட்டதும் பஸ் ஏறி வருவாள், ரூபாய் விலையைக் கேட்பாள், ஒன்றும் மாற்றாமல் போய்விடுவாள். நல்ல நேரம் பார்த்துக் காத்திருக்கும் கெட்டிக்காரி என்று அவன் நினைத்தான்.

ஒருநாள் கேட்டேவிட்டான்.

“அக்கா, ரூபா எறங்கட்டும்னுதானே காத்திருக்கீங்க?”

“எங்க வீட்டுக்காரருதான் காத்திருக்காரு. எறங்கினதும் இருக்கிறதை மாத்திக்கிட்டு இந்தியாவுக்கே போயிரலாம்ங்கிறாரு. அவரால நடக்க முடியல, என்னைய அனுப்புறாரு.”

“அப்ப நல்ல சேதிலா! ரூபா இன்னும் எறங்கும்னு என் ஆராய்ச்சியில கண்டுபிடிச்சிருக்கேன். நம்ம ஊரு வெள்ளி ஒண்ணுக்கு நெறைய ரூபா கெடைக்கும்.”

இருளாயி குரலைத் தாழ்த்தினாள்.

“எறங்கிக்கிட்டேதான் இருக்கு தம்பி. ஏறிருச்சுன்னு நான்தான் பொய் சொல்லிக்கிட்டிருக்கேன். நான் பொறந்தது இங்க, எம்புள்ளைங்க இங்க. அந்த ஊர நான் பார்த்ததுகூட இல்ல.”

அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்க கண்டுபிடிச்சதை ரேடியோவுல சொல்லிருவாங்களா?”