நடுச்சுவர்

அறிவியல் கண்காட்சியில் மாணவிகள் செய்திருந்த பிளாஸ்டிக் இதயத்தின் நடுச்சுவரில் ஓட்டை விழுந்து, சிவப்புத் தண்ணீரும் நீலத் தண்ணீரும் கலந்துகொண்டிருந்தன. மேடையில் சிறப்பு விருந்தினர் “இறுதியாக ஒன்று” என்று மூன்றாம் முறையாகச் சொல்லிவிட்டு இதயத்தின் மேன்மையைத் தொடர்ந்தார். ஆசிரியர் தேவசகாயம் வலக்கையை உள்ளே விட்டு ஓட்டையை விரலால் அடைத்தார்.

“சின்ன ஓட்டைதான் சார், எம்-சீல் வெச்சா அடைஞ்சிடும்,” என்றாள் மாணவி ஜெனிபர்.

தேவசகாயத்தின் மகளுக்கும் இதே இடத்தில்தான் ஓட்டை. சின்னதுதான் என்றுதான் டாக்டரும் சொன்னார். போன மழைக்காலத்தில் அடக்கம் செய்தார்கள்.

ஒருவழியாக மேடையிறங்கி வந்த விருந்தினர், போட்டோவுக்குச் சிரித்தபடி தேவசகாயத்திடம் கைகுலுக்கக் கை நீட்டினார்.

“சார், மோட்டாரை நிறுத்திட்டேன். தண்ணி ஓடல. கையை எடுங்க,” என்றாள் ஜெனிபர்.

நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. தேவசகாயம் விரலை எடுக்கவில்லை.