ஒரு வார்த்தை கேட்கவில்லை

“‘நேத்து வந்தவ, சாக்கடை எந்தப் பக்கம் ஓடுதுன்னு தெரியாதவ, அவ கவுன்சிலரா?’ காலையிலேர்ந்து இதையேதான் அரைச்சுக்கிட்டிருக்கே. வாய் வலிக்கலையா உனக்கு?”

ஷூவுக்குப் பாலிஷ் போட்டபடியே கேட்டார் கணவர்.

“வாய் வலிக்கல. வயிறுதான் எரியுது” என்றாள் மனைவி, கொஞ்சமும் கூசாமல்.

எரியாதா பின்னே? மாடியில் குடியிருக்கும் கொழுந்தன் மனைவி, வார்டு கவுன்சிலர் தேர்தலில் நிற்கப் போகிறாள்.

ஆனால் தெருவிளக்கு எரியாவிட்டால் கார்ப்பரேஷன் ஆபீஸுக்குப் போன் போடுவது இவள். மூடியில்லாத சாக்கடைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மூடி வந்து இறங்கும் வரை எழுந்திருக்காதவள் இவள். குடிநீர் இன்ஜினியர் இவள் குரலைக் கேட்டாலே “லாரி கிளம்பிடுச்சும்மா” என்பார்.

நிற்கப் போவது மட்டும் அவள்!

“நேத்து தெருமுனையில பேசினாளே, கேட்டீங்களா? ‘முடிஞ்சா ஓட்டுப் போடுங்க’ங்கிறா. முடிஞ்சாவாம்! ஓட்டுக் கேக்கறாளா, பக்கத்து வீட்டுல ஒரு டம்ளர் சர்க்கரை கேக்கறாளா?”

“ஜனங்க கை தட்டினாங்களே.”

“அதான் எரியுதுங்கறேன்! மருந்துக்கடைக்காரர் அவளைப் பார்த்ததும் எழுந்து நிக்கிறார். என்னைப் பார்த்தா மட்டும் ஏதோ சீக்காளியைப் பார்க்கற மாதிரி, ‘பரவாயில்லம்மா, எல்லாரும் ஒரே மாதிரியா இருப்பாங்க’ங்கறார். எனக்கென்ன கேடு?”

“இதுக்குப் பேர்தான் பொறாமை. நம்ம குடும்பத்துல ஒருத்தி முன்னுக்கு வந்தா சந்தோஷப்படணும். மனசு விசாலமா இருக்கணும்மா. என்னைப் பாரு.”

“நான் என்ன பதவிக்கா அலையறேன்? இந்தத் தெருவுக்காக இவ்வளவு கத்தியிருக்கேன். ‘நீ நிக்கிறியா’ன்னு ஒரு ஜீவன் ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தா…” என்று நிறுத்தியவள், உடனே சுதாரித்துக்கொண்டாள். “நானும் சும்மா இருக்கல. மகாராணி எட்டு மணி வரைக்கும் தூங்குவான்னு இஸ்திரிக்காரம்மா காதுல போட்டுட்டேன். மதியத்துக்குள்ள தெரு பூரா போயிடும்.”

மாடிப்படியில் செருப்புச் சத்தம். சின்னவள் வந்து நின்றாள். கண்கள் சிவந்திருந்தன.

“அக்கா, கொஞ்சம் பேசணும்.”

“வாங்க கவுன்சிலரம்மா! எந்திரிச்சாச்சா?”

கணவர் அவசரமாக எழுந்தார். “எனக்கு நேரமாச்சு…”

“ஒத்தை ஷூவோட எங்க கிளம்பிட்டீங்க? உக்காருங்க.”

“கிண்டல் பண்ணாதீங்கக்கா” என்றாள் சின்னவள். “மைக்கைப் பிடிச்சாலே பேச்சு மறந்துபோகுது. நேத்து கை தட்டினதுகூட என்னைப் பார்த்துப் பாவப்பட்டுத்தான். மனு போட நாளைக்குக் கடைசி நாள். நான் இன்னும் போடல. நீங்களே நில்லுங்க. மேடையேறிப் பேச வேண்டாம், வீடு வீடா போய்க் கேட்டாப் போதும்; உங்க பின்னாடி நான் வரேன்.”

“போதும்டி. யாரும் கேக்காத எடத்துல போய் நிக்க நான் என்ன கொடிக்கம்பமா?”

சின்னவள் விழித்தாள்.

“யாரும் கேக்கலையா? தெருச் சங்கத்துக்காரங்க முதல்ல உங்களைத் தேடித்தானேக்கா வந்தாங்க! மருந்துக்கடைக்காரர், டெய்லரம்மா எல்லாரும். நீங்க உங்க தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தீங்க. ‘இனிமே உங்களை எல்லாரும் கவுன்சிலரம்மா வீட்டுக்காரர்னுதான் கூப்பிடப் போறாங்க’ன்னு டெய்லரம்மா தமாஷ்கூட பண்ணினாங்களாம். அதுக்கப்புறம்தான் அத்தான் உள்ளே போய் உங்களுக்குப் போன் போட்டுக் கேட்டுட்டு வந்தாராம்.”

“எனக்கா? போனா?”

“ஆமாக்கா. ‘நாலு பேர் முன்னாடி வாயைத் திறக்கவே எனக்குப் பயமா இருக்கு, என்னை விட்டுடுங்க’ன்னு நீங்க அழுதீங்களாமே! எங்க யாருக்கும் நம்பவே முடியல. ஆனா அத்தானே கண் கலங்கிச் சொன்னார். உங்க மனசு கஷ்டப்படும், அந்தப் பேச்சையே உங்ககிட்ட எடுக்கக்கூடாதுன்னு எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கினார். நீங்க மாட்டேன்னுட்டீங்கன்னுதானே என் தலையில கட்டினாங்க?”

கணவர் கட்டிய ஷூ கயிற்றை அவிழ்த்து, மறுபடி கட்டிக்கொண்டிருந்தார்.

“ஏங்க” என்றாள் மனைவி. அவ்வளவு மெதுவாக அவள் பேசி அந்த வீடு கேட்டதில்லை.

“அன்னைக்கு நான் போன்ல எப்படி அழுதேன்னு, இவ முன்னாடி கொஞ்சம் அழுது காட்டுங்களேன்.”