அரைத்தீனி ஆடு

ஆட்டை அறுத்து ஒரு மணி நேரம் ஆகியும், கண்ணாடிக் குப்பிக்குள் அதன் குடல் துண்டு மூச்சு இழுத்துக்கொண்டுதான் இருந்தது. சோதனைக்காகப் பாதித் தீனி மட்டுமே போட்டு வளர்த்த அரைத்தீனி ஆட்டின் குடல் ஆக்சிஜனைச் சிக்கனமாகத்தான் செலவழிக்கும். இதுவோ வயிறு முட்டத் தின்ற ஆட்டைப்போல வாரி இழுத்தது. ஆராய்ச்சி செய்யும் பூங்கோதை, கொட்டகை பார்க்கும் மாசிலாமணியின் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, இதுக்குத் திருட்டுத்தனமா தீனி வச்சீங்களா?"

"என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னுச்சு, டாக்டரம்மா."

மூன்று மாத உழைப்பு மண்ணாய்ப் போனது. அவள் கொட்டகைச் சாவியை வாங்கிக்கொண்டாள்.

மறுவாரம் புது ஆட்டுக்கு அரைப்படி தீனியை அவளே அளந்து கொட்டினாள். அது தொட்டியை நக்கித் தீர்த்துவிட்டு, நிமிர்ந்து அவள் முகத்தையே பார்த்தது. அவளும் கண்ணை எடுக்காமல் தீனிச் சாக்கின் வாயை இறுக்கிக் கட்டினாள்.